உயிரோடு வீடு திரும்பியவர்

அப்பாதுரை பன்னிரண்டு வருடம் பிண வண்டி ஓட்டியவர். 1998இல் அல்சூரில் ஒரு நர்சிங் ஹோம் ஆம்புலன்ஸ் வாங்கியபோது, சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர் என்று அவரை வேலைக்கு எடுத்தார்கள். அதுதான் தொல்லை. சந்துக்காரர்களுக்கும் அவரை நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் தலை தெரிந்தாலே மாலை வாங்க ஆள் ஓடும்.

இதயம் நின்று விழுந்தவர்களை இந்த வண்டி காப்பாற்றுகிறதா என்று பார்க்க டாக்டர் வீணா ஒரு படிவம் கொடுத்திருந்தார். எப்போது அழைத்தார்கள், எப்போது போய்ச் சேர்ந்தீர்கள், நெஞ்சை யார் அழுத்தியது. கடைசிக் கேள்வி, உயிரோடு வீடு திரும்பினாரா. ஆறு மாதத்தில் பத்தொன்பது படிவம், பத்தொன்பதிலும் 'இல்லை'. பின்னே? முக்கால்வாசிப் பேர் விழுந்தவரை ஆட்டோவில் திணித்து ஊரைச் சுற்றிய பிறகுதான் போன் செய்தார்கள். மாதக் கடைசிக்குள் ஒரு 'ஆம்' வராவிட்டால் வண்டியை நிறுத்திவிடுவோம் என்றது நிர்வாகம். பழைய வண்டிக்கே போக வேண்டுமே என்று அப்பாதுரைக்குச் சோறு இறங்கவில்லை.

இருபதாவது ஆள் ஸ்ரீராம்புரத்தில். கார்ப்பரேஷன் ஊழியர் கிருஷ்ணப்பா காலையில் குழாயடியில் சாய்ந்தார். யாரோ புண்ணியவான் உடனே பூத்திலிருந்து போன் செய்தான். அப்பாதுரை வண்டியை விட்டு இறங்கியதும் தெருவே ஒப்பாரி வைத்தது. கிருஷ்ணப்பாவின் மனைவி சின்னத்தாயி பாய்ந்து வந்தாள்.

"யோவ், இப்பத்தான்யா விழுந்தாரு. அதுக்குள்ள உன்ன யாருய்யா கூப்ட்டது?"

"நான் இப்ப ஆஸ்பத்திரி வண்டிம்மா. ஸ்வல்ப தள்ளுங்க."

நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். செத்தவரைப் போட்டு அடிக்கிறானே என்று மைத்துனர் அவர் முதுகில் இரண்டு வைத்தார். அடியை வாங்கிக்கொண்டே, அழுத்துவதை ஒன்று, இரண்டு என்று எண்ணினார் அப்பாதுரை. நர்ஸ் நோரா மெஷினை வைத்து ஷாக் கொடுத்தாள். மூன்றாம் முறை துடிப்பு வந்தது. மாலையோடு வந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

பதினோராம் நாள், மாதக் கடைசியன்று, டிஸ்சார்ஜ். வண்டியைப் பளிச்சென்று துடைத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தார் அப்பாதுரை. கிருஷ்ணப்பா ஏற மறுத்தார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. உங்க வண்டியில போய் எறங்கினா, சோறு போடமாட்டாங்க, படையல் போட்டுருவாங்க. நான் ஆட்டோவுல போறேன்."

"ஆம்னு எழுதிடுங்க அப்பாதுரை" என்று சிரித்தார் டாக்டர் வீணா.

"வீடுன்னு போட்டிருக்கே மேடம். இன்னும் போய்ச் சேரலையே."

ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஆம்புலன்ஸை உருட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆட்டோக்காரரைத் திட்டினார். கிருஷ்ணப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் காலால் உள்ளே போனதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தார். அந்தத் தெருவிலிருந்து எத்தனையோ பேரை எடுத்துப் போயிருக்கிறார். ஒருவரைக் கொண்டுவந்து விட்டது இதுதான் முதல் தடவை. 'ஆம்' என்று எழுதும்போது அழுதுவிட்டார்.