சுவருக்கு அப்பால் போன கம்பி

இதை நம்பும்படி யாரையும் நான் கேட்கப் போவதில்லை. கதை கட்டுகிற பழக்கமும் எனக்கில்லை. 1974 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. பகல் 12.49 முதல் 12.54 வரை. அந்த ஐந்து நிமிடத்தில் நடந்தது என் கையால் நடந்தது.

மன்னார்குடியில் எனக்கு ரேடியோ பழுதுபார்க்கும் கடை. சிங்கப்பூரில் வியாபாரம் செய்து ஊர் திரும்பிய நெய்னா முகம்மது, தெற்கே ஆறு மைலில் ஒரு மிராசு வீட்டை வாங்கியிருந்தார். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் நிலத்தைப் பல பெயர்களில் எழுதிவைத்துவிட்டு, வீட்டை விற்றுச் சென்னைக்குப் போய்விட்ட குடும்பம் அது. போகும்போது ஒரு பின்பால் மிஷினை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். கண்ணாடி மூடிய சாய்வு மேசை. உள்ளே இரும்புக் குண்டு ஓடும். காளான் மாதிரி நிற்கும் முட்டுகளில் குண்டு பட்டால் விளக்கு எரியும், எண் சக்கரம் சுழலும், மணி அடிக்கும்.

மணி மட்டும் அடிக்கவில்லை.

"சத்தமில்லாம என்ன வெளையாட்டு, தம்பி? நாளைக்குப் பேரப்புள்ளைங்க வர்றாங்க. ஊமை ரேடியோவையெல்லாம் பேச வைக்கிறீங்க, இதுக்கும் வாயைத் தொறந்து விடுங்க" என்றார் நெய்னா முகம்மது.

முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த பெண் என் பையைப் பார்த்தாள். பெயர் காத்தாயி.

"அண்ணன் வெளியூரெல்லாம் போவீங்களா?"

"சாமான் வாங்க மெட்ராசுக்குப் போவேன்."

"மருதையன்னு யாரையாவது பாத்தீங்களா? நெட்டையா இருப்பாரு. புருவத்துல தழும்பு."

"வர்றவன் போறவன் அத்தனை பேரையும் கேட்டாச்சு. போன மாசம் தபால்காரரு மாட்டுனாரு" என்று சிரித்தார் நெய்னா முகம்மது. "அஞ்சு வருசமாச்சு. ஓடிப்போனவன் வருவானா?"

"ஓடுற ஆளு இல்லீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. அவள் புருஷனைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருந்தேன். வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கக் கூடாது என்று மிராசு வயலில் குறுக்கே படுத்தவன். அன்று மாலை மிராசு ஆட்கள் அவனை இந்த வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். மறுநாள் அவன் எங்குமில்லை. எவளோடோ போய்விட்டான் என்றது ஊர். வைகாசியில் காத்தாயியை வேறொருவனுக்குக் கட்டிவைக்க அவள் அண்ணன்கள் பேசி முடித்திருந்தார்கள். மருதையன் உயிரோடிருக்கிறான் என்று யார் வாயிலிருந்தாவது ஒரு சொல் வந்தால் போதும், அவள் மறுத்துவிடுவாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எல்லோரையும் கேட்டாள்.

12.25. நெய்னா முகம்மது ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினார். காத்தாயி கொல்லைப்பக்கம் பாத்திரம் துலக்கப் போனாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

மிஷினின் அடிப்பலகையைக் கழற்றினேன். மணி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. யாரோ வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து இரட்டைச் சிவப்புக் கம்பி ஒன்று தொங்கியது. முனை வெட்டுப்பட்டிருந்தது. எதிர்ச்சுவரில் ஓர் ஓட்டை. அதிலிருந்தும் அதே சிவப்புக் கம்பி, வெட்டுப்பட்டு, எட்டிப்பார்த்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் பழைய நெல் அறை. பூட்டுத் துருப்பிடித்திருந்தது. சாவி இல்லை.

குண்டை உருட்டி, மிஷின் பக்கத்துக் கம்பியில் சோதனை பல்பை வைத்தேன். மணிக்கு இருபத்துநாலு வோல்ட் போதும். குண்டு முட்டில் பட்டதும் பல்பு பளீரென்று முழுசாக எரிந்தது. வீட்டுக் கரண்டு அப்படியே, இருநூற்று முப்பது வோல்ட்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பெரிய காலிங் பெல் ஏதாவது வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அறுந்த கம்பியைக் கண்டால் சேர்க்காமல் இருக்க இந்தத் தொழிலில் கை கேட்காது.

12.47. சேர்த்தேன். டேப் சுற்றினேன்.

12.49. குண்டை விட்டேன். முட்டில் பட்டது. எண் சக்கரத்தில் பத்து.

சுவருக்கு அப்பால்... "ம்ம்ம்."

மணி அல்ல. தூசி அடைத்த பெல் இப்படித்தான் முனகும். நாலு தடவை தட்டினால் விட்டுக்கொடுக்கும்.

கண்ணாடியைக் கழற்றினேன். முட்டை விரலால் அழுத்தினேன்.

"ம்ம்ம்ம்."

மறுபடி. மறுபடி. அழுத்துகிற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் முனகியது. விட்டால் நின்றது. இன்னும் சற்று அழுத்திப் பிடித்தேன். சத்தம் கூடியது. பழுது சரியாகிறது என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

நூற்றுத் தொண்ணூறு. இருநூறு.

அப்போதுதான் கவனித்தேன். விரலை எடுத்த பிறகும் ஒரு சத்தம் இருந்தது.

மூச்சு.

வேகமாக... வாயால் வாங்குகிற மூச்சு.

ஈரக் கையோடு காத்தாயி வாசற்படியில் நின்றாள். "உள்ள யாருண்ணே கத்துறது?"

"பெல்லும்மா."

இருநூற்றுப் பத்து. நான் அழுத்தவில்லை.

இருநூற்று இருபது.

"காத்தா..."

சுவருக்குள்ளிருந்து. தெளிவாக.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

12.54. பிளக்கைப் பிடுங்கினேன்.

பிளக் என் கையில் இருந்தது.

சக்கரம் இன்னும் ஒருமுறை சுழன்றது.

இருநூற்று முப்பது.

அதோடு மூச்சும் நின்றது.

பூட்டை உடைத்தோம். அறையில் யாரும் இல்லை. ஒரு நெல்மணிகூட இல்லை. நடுத்தூணில் இரண்டு ஆணி. சுவர் வழியே வந்த கம்பியின் செம்பு முனைகள் அவற்றில் தொங்கின. ஒவ்வொன்றும் வளையமாக முறுக்கப்பட்டிருந்தது. ஒரு மணிக்கட்டு நுழையும் அளவு.

தொட்டேன். சுட்டது.

"அவரு குரல்தான்" என்றாள் காத்தாயி. "உசுரோட இருக்காரா, செத்துட்டாராண்ணே?"

எப்போதோ செத்தவன்தான் அப்படிக் கூப்பிடுவான் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். கம்பியைச் சுவர்வரை வெட்டி எடுத்தேன். நெய்னா முகம்மது வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காத்தாயி என் கடைக்கு வந்தாள். கழுத்தில் தாலி இல்லை. கூட ஒரு நடுவயது ஆள், கையில் துணி மூட்டை. பெயர் அல்லா பிச்சை. பெங்களூருக்கு அந்தப் பக்கம் கல்குவாரியில் மருதையனோடு ஐந்து வருஷம் கல் உடைத்தவர்.

"என்கிட்ட சொன்னதை இவங்ககிட்டயும் சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். மிராசு வீட்டுச் சமையற்கார அம்மாள் மதுரம், ஆட்கள் சாப்பிடப் போன நேரம் கம்பியை வெட்டி மருதையனைக் கொல்லை வழியே அனுப்பிவிட்டாளாம்.

"அவரு ஊருக்கு ஒரு கடுதாசி போடல. ஊரை விட்டுப் போயிடணும், திரும்பி வந்தா அடுத்து ஒம் பொண்டாட்டிதான்னு சொல்லிச் சொல்லித்தான், அந்த மிஷின்ல குண்டை உருட்டிக் கரண்டு வச்சாங்களாம். வீடு கைமாறிடுச்சுன்னு போன மாசந்தான் காதுல விழுந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம் கெளம்புறதா இருந்தாரு."

"என்னைக்கு?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை. நான் தொழுகைக்குக் கெளம்பிக்கிட்டிருந்தேன். ஒரு மணி ஆவல. மரத்தடியில சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சாரு. திடீர்னு கை ரெண்டும் வெடைச்சுக்கிச்சு. விட்டு விட்டுத் துடிச்சாரு. நடுவுல நடுவுல மூச்சு வாங்குவாரு. மறுபடி துடிப்பாரு. யாரோ நிறுத்தி நிறுத்திப் பண்ற மாதிரி..."

காத்தாயி என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணிக்கட்டு ரெண்டும் வளையம் போட்ட மாதிரிக் கருகிப்போச்சுங்க. என்னன்னுதான் வெளங்கல. அங்க நாலு மைலுக்குக் கரண்டே கெடையாது."