உப்பும் கரியும் புதைத்த குழி

என் தங்கை விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தபோது ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கண்டமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. விறகெல்லாம் நனைந்துபோய் அடுப்பில் புகைதான் வந்தது. ஆபரேஷன் ஆன உடம்போடு வரப்போகும் அம்மாவுக்கு வெந்நீருக்கு என்ன செய்வது என்பதே எல்லோருக்கும் கவலை.

திண்டிவனத்தில் வயரிங் வேலை பார்த்த என் தாய்மாமன் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். வீட்டை ஒட்டியிருந்த குளியலறையில் வைக்க ஒரு இரும்பு டிரம்மின் அடிப்பக்கத்தில் துளை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து ஹீட்டரை முறுக்கிப் பொருத்தினார். தண்ணீர் கசிகிறதா என்று துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பழைய வயர் தாங்காது என்று மீட்டரிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுத்தார். ஈரக்கை படக்கூடாது என்று ஸ்விட்சை வீட்டுக்குள் வைத்தார்.

அப்போது வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்பாவின் அக்கா. அத்தைக்கும் மாமாவுக்கும் என் பெற்றோரின் கல்யாணப் பந்தியில் வந்த சண்டை. அன்று நின்ற பேச்சு நின்றதுதான். பக்கத்தில் நின்றுகொண்டே என்னிடம் சொல்வார்கள்.

"டேய், உங்க அத்தகிட்ட சொல்லு. ஸ்விட்ச அணைச்சிட்டுத்தான் தண்ணியத் தொடணும்."

"நானு கரண்டே பாக்காத காட்லேர்ந்து வந்தவளான்னு கேளு உங்க மாமன."

கூச்சத்தில் நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். என் வாய் அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை.

ஒரு மதியம் அத்தை ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோயிருந்தார்; நான் பள்ளிக்கூடத்தில். அப்போது மாமா வீட்டின் பின்னால் குழி வெட்டி, இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் கல்லுப்பும் கொட்டியிருக்கிறார். டிரம்மிலிருந்து பச்சை வயர் ஒன்றை மண்ணுக்கடியிலேயே கொண்டுவந்து அந்தக் குழாயில் கட்டி மண்ணைப் போட்டு மூடிவிட்டார். எர்த் போடுவது அப்படித்தான். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அத்தை புது மண்ணைப் பார்த்துவிட்டு மண்வெட்டியால் கிளறினார்.

"அய்யோ மாதாவே! பெத்தவ வீட்டுக்கு வர்ற நேரம் பாத்து எவளோ வெச்சிட்டுப் போயிருக்கா பாரேன்! உப்பு, கரி, பச்சக் கயிறு வேற!"

வயரை அரிவாளால் அறுத்து, குழாயைப் பிடுங்கி, எல்லாவற்றையும் கூடையில் வாரினார். நானும் கூடவே போனேன். ஏரியில் வீசிவிட்டு வந்து, மாதா கோயிலில் மந்திரித்த தண்ணீரைக் குழியில் தெளித்தார். அம்மா பயந்துவிடுவாள், மூச்சு விடாதே என்றார்.

மதியம் அப்பாவும் மாமாவும் அம்மாவையும் குழந்தையையும் காரில் கூட்டிவந்தார்கள். டிரம்மில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆறிவிடும் என்று அத்தை ஸ்விட்சை அணைக்கவில்லை. அம்மாவைக் கைத்தாங்கலாகக் குளிக்க அழைத்துப்போனார்.

காபி குடித்துக்கொண்டிருந்த மாமாவிடம் என்னால் பெருமையை அடக்க முடியவில்லை.

"மாமா, பாப்பாக்கு வெச்ச செய்வினைய நானும் அத்தையும் ஏரில போட்டுட்டோம். உப்பு, கரி, பச்சக் கயிறு எல்லாம்."

டம்ளர் உருண்டது. "யக்கா, தொடாதீங்க! டிரம்மத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே மாமா ஓடினார்.

இருவரையும் வெளியே நிறுத்திவிட்டு டெஸ்டரை டிரம்மில் வைத்தார். அதன் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார்.

"ஹீட்டர்ல கரண்டு கசியுதுக்கா. அந்தப் பச்ச வயர் இருந்தா மண்ணுக்குள்ள போயிடும். இல்லன்னா தொட்றவங்க மேல ஏறும்."

அத்தை அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பினார். "அதச் சொல்லித் தொலைச்சா உனுக்கு வாய் கோணிக்குமா?"

"உங்ககிட்ட பேசற பழக்கமே விட்டுப்போச்சே."

அன்று புகையில் கண் எரிய எரிய அத்தை அடுப்பிலேயே வெந்நீர் வைத்தார். மறுநாள் மாமா வேறு ஹீட்டர் மாற்றி, மீண்டும் குழி வெட்டினார். உப்பை அத்தையே கொண்டுவந்து கொட்டினார். டெஸ்டர் காட்டிய பிறகும், டிரம்மில் இருந்த கரண்டு அந்தச் செய்வினையின் மிச்சம்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு தினமும் அம்மா குளிக்கப் போகுமுன் அத்தை குளியலறைக்குள் போவார். ஸ்விட்ச் போட்டபடியே இருக்கும். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, உள்ளங்கையை டிரம்மில் வைத்துச் சற்று நேரம் நிற்பார். பிறகுதான் ஸ்விட்சை அணைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிடுவார்.

மழைக்குளிருக்குக் கையைச் சூடாக்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் அவருக்கு முன்னால் ஓடி நானும் கையை வைக்கப் போனேன். முதுகில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. அத்தை என்னை அடித்தது அந்த ஒருமுறைதான். எல்லாச் சூடும் தனக்கே வேண்டும் என்கிற சுயநலக்காரி என்று, அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.