பிரேமினிக்கு இன்னொரு மலை வேண்டும்

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஊரே பள்ளத்தாக்கைப் பார்க்கும்; பிரேமினி கம்பங்களைப் பார்ப்பாள். எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது, எந்த இடத்தில் இன்டர்நெட் கேபிள் கரன்ட் கம்பியோடு சேர்ந்து போகிறது, மழைத்தண்ணீர் ரோட்டை எங்கே அரிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வருவாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்வதும் உண்டு.

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு தேயிலைக் கம்பெனி அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொறுப்பு அவள்தான். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கண்டியில் படித்துத் திரும்பியவள். பையில் ஒரு குடை, அலுவலக மேசையில் ஒரு குடை வைத்திருப்பாள். ஒரே பையில் இரண்டு குடை வைத்திருப்பவரைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். கல்யாண ஆல்பத்துக்குக்கூட ஒரு பிரதி எடுத்து, வேறு தோட்டத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறாள். புருஷன் இதைச் சொல்லிக்காட்டாத விருந்து கிடையாது.

அதே அலுவலகத்தில் கணக்காளர் யசோதினி. யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் இரண்டு தரம் கேட்டுத்தான் நம்புவார். அங்கே ஐந்து பழைய சேர்வர்கள் ஆளுக்கொரு வேலையாக முனகிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று வாசல் காவல்காரன். டொமைன் கண்ட்ரோலர் என்பார்கள். யார் உள்ளே வரலாம், யார் எதைத் தொடலாம் என்று பேரையும் கடவுச்சொல்லையும் பார்த்து உள்ளே விடுவது அதன் வேலை. அது படுத்துவிட்டால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் ஒருவரும் உள்ளே போக முடியாது. இந்த ஐந்தையும் ஒரே பெரிய மெஷினுக்குள் குடியேற்றப் போவதாகப் பிரேமினி சொன்னபோது, ஒரு பெட்டிக்குள் ஐந்து பெட்டி எப்படி இருக்கும் என்று யசோதினி கேட்டார்.

"நம்ம லயம் மாதிரிதாங்க மிஸ். கூரை ஒன்னு, காம்பரா அஞ்சு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அடுப்பு, தனி பூட்டு. ஆனா கூரையில தீப்புடிச்சா அஞ்சு வீடும் போயிரும். அதனாலதான் இன்னொரு லயமும் வேணும்ங்கிறேன்."

அவள் சின்ன வயதில் இருந்த லயம் அப்படித்தான் எரிந்தது. தான் யாரென்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சாமல் அவளுடைய அப்பா அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்கு அலையாய் அலைந்தார். இதை அவள் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள்.

அந்த இன்னொரு மெஷினை எங்கே வைப்பது என்பதில்தான் வந்தது சண்டை. மேனேஜர் கஜேந்திரன் நல்ல மனிதர். அலுவலகத்துக்கு மேலே இருக்கும் பழைய துரை பங்களாவைக் காட்டினார். மலையகத்தில் பிறந்த யாரும் அதைத்தான் காட்டுவார்கள். வெள்ளைக்காரன் இடம் பார்த்து, உசரத்தில், கருங்கல்லில் கட்டியது. அதற்கு ஒன்றும் ஆகாது என்பது இங்கே பிறக்கும்போதே வந்துவிடுகிற நம்பிக்கை. அலுவலகம் முழுக்கத் தலையாட்டியது. பிரேமினி மட்டும் ஆட்டவில்லை.

"ஒரே மலையில ரெண்ட வச்சா அது ரெண்டு இல்லங்க சேர். ஒன்னுதான்."

வேறு மலையில், கினிகத்தேனையில் கம்பெனிக்கு ஒரு ஸ்டோர் இருக்கிறது, அங்கேதான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பங்களாவுக்குப் போகும் கரன்ட்டும் கேபிளும் அலுவலகத்தின் பின்சரிவில்தான் ஏறுகின்றன என்று மேனேஜரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். கடைசியில் அவர் சரி என்றது நம்பியல்ல, அலுத்துப்போய். இரண்டாவது மெஷின் கினிகத்தேனைக்குப் போனது. அதற்குள் இரண்டாவது காவல்காரனும் இருந்தான். ஒவ்வொரு சாயங்காலமும் ஹட்டனில் உள்ளதன் நகல் அங்கே போய்ச் சேர்ந்தது.

போன மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பின்சரிவு இறங்கிவிட்டது. நல்லவேளை, ஆள் சேதம் இல்லை. திங்கள் காலை வந்து பார்த்தால் சேர்வர் அறை இருந்த இடத்தில் சேறும், வேரோடு வந்த தேயிலைச் செடிகளும் கிடந்தன. மேலே பங்களா குத்துக்கல் மாதிரி நின்றது. கரன்ட்டும் இல்லை, கேபிளும் இல்லை. மேனேஜர் அண்ணாந்து பங்களாவைப் பார்த்தார், பிறகு திரும்பிப் பிரேமினியைப் பார்த்தார்.

மழை விட்டிருந்ததால் தோட்டங்களில் ஆட்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் காலைக் கொழுந்தை நிறுக்க வேண்டும். தராசில் அட்டையை வைத்தால் சேர்வரிலிருந்து ஆளின் பேர் வர வேண்டும். வந்தால்தான் நிறை பதியும். கையால் துண்டு எழுதிக் கொடுக்கும் வழக்கத்தைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. பேர் வராவிட்டால் அத்தனை பெண்களின் காலை உழைப்புக்கும் சாட்சி கிடையாது.

எதிர்த் தேத்தண்ணிக் கடையில் பிரேமினி லேப்டாப்பை விரித்தாள். போனிலிருந்து இன்டர்நெட் எடுத்து, கினிகத்தேனையில் தூங்கிக்கிடந்த நகல்களை ஒவ்வொன்றாக எழுப்பத் தொடங்கினாள். யசோதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சரிவருமோ பிரேமினி?"

"தெரியலங்க மிஸ். இதுவரைக்கும் சும்மா பரீட்சதான் பாத்திருக்கேன்."

டிக்கோயாத் தோட்டத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை துஷாந்த் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் கொழுந்துச் சாக்குகளை இறக்கும் சத்தம் கேட்டது. வரிசையில் முதல் ஆள் மீனம்மா, அட்டையை வைத்தாயிற்று என்றார்.

"மீனம்மா பேரு வந்திருச்சுங்க. நெறையும் ஏறிருச்சு."

பிறகு அடுத்த பேர். அதற்கும் அடுத்த பேர். யசோதினிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்ணெதிரே அந்த அறை மண்ணுக்குள் கிடக்கிறது. அதற்குள் இருந்ததெல்லாம் எங்கேயோ மலைக்கு அப்பால் எழுந்து நின்று ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. கோயிலில் திரை விலகித் தீபம் காட்டும்போது வருகிற நடுக்கம், கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது. இந்தப் பிள்ளை என்ன பிள்ளை என்று நினைத்துக்கொண்டார். மேனேஜர் எல்லோருக்கும் தேத்தண்ணி சொல்லிவிட்டுப் பிரேமினியைத் தேடினார். பெஞ்சில் அவள் இல்லை.

லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சேற்றுக் காலோடு ரோட்டோரம் நின்றிருந்தாள். யசோதினி பின்னாலேயே ஓடிப்போய், எங்கே வெளிக்கிட்டுவிட்டீர் என்று கேட்டார்.

"நம்ம வலப்பனை பேக்டரிக்குங்க மிஸ். கினிகத்தேனையில இருக்கிறது இப்ப தனியா நிக்குதுல்ல. அதுக்கு இன்னொரு மலையில ஒரு தொண வேணும்."

தேத்தண்ணி ஆறுகிறது என்று யசோதினி சொல்லி முடிப்பதற்குள், வளைவில் திரும்பிய, வலப்பனைப் பக்கம் போகும் நுவரெலியா பஸ்ஸுக்குப் பிரேமினி கையை நீட்டியிருந்தாள்.