ஒன்பது கன மீட்டர்

முருகலட்சுமி எட்டாம் வகுப்போடு பருத்திக் காட்டுக்குப் போனவள். பிறகு நூறு நாள் வேலையில் பத்து வருஷம் மண்வெட்டி பிடித்தாள். இப்போது நரிக்குடிக்குக் கிழக்கே, தன் ஊரில் தண்ணீர் திறந்துவிடுகிறாள்.

ஆழ்துளைக் கிணறு வற்றியதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் டேங்கர் லாரி வந்து தரைத்தொட்டியில் ஊற்றும். கணக்குக்குப் பன்னிரண்டு கிலோ லிட்டர். நூறு வீடு, வீட்டுக்கு எட்டுக் குடம். மேலத்தெருவில் தொடங்கும் முறை கீழத்தெருவுக்கு வருவதற்குள் குழாயில் காற்றுதான் வரும். கடைசி இருபத்தைந்து வீடுகளுக்குச் சொட்டுக் கிடையாது. அவள் வீடும் அதில் ஒன்று.

"கீழத்தெருக்காரிக திருட்டுக் குடம் பிடிக்காளுக" என்று மேலத்தெரு சொன்னது. இரண்டு மாதமாக ஒரே ஏச்சு.

அன்று லாரி ஊற்றி முடித்ததும் முருகலட்சுமி தொட்டிக்குள் குச்சியை விட்டாள். ஒன்றரை மீட்டர் நனைந்திருந்தது. தொட்டி மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம்.

"ஒம்போது கன மீட்டருதான் வந்திருக்கு. பன்னெண்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

டிரைவர் இன்பராஜ் சிரித்தான். "யக்கா, கன மீட்டரு மண்ணு அளக்க. தண்ணிக்குக் கிலோ லிட்டரு. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

"அந்த மண்ணை வெட்டுனவகிட்டயே சொல்றியாக்கும்? மீட்டர் நீளம், மீட்டர் அகலம், மீட்டர் ஆழம்னு எத்தன குழி வெட்டிருக்கேன்! அதுல தண்ணி நெறைஞ்சா ஆயிரம் லிட்டரு. அதுக்குப் பேருதான்யா கிலோ லிட்டரு. ஒம்போதாயிரம் எழுவத்தஞ்சு வீட்டுக்குத்தான் காணும்."

ஊராட்சிச் செயலர் ஜெயபாண்டி, மேலத்தெருக்காரர், குட வரிசையை விலக்கிக்கொண்டு வந்தார். "போட்டுவிடுத்தா. பெறகு லாரியே வராது. ஊரே உன்னைய வையும்."

"வையட்டும் சார். இதுவரைக்கும் கொஞ்சிக்கிட்டா இருந்தாக?"

நோட்டில் 'ஒன்பது கிலோ லிட்டர்' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். நேரே குழாயடிக்குப் போனாள்.

"பெத்தம்மா மதினி, குடத்தக் கொண்டாங்க. இன்னைக்கு முறை கீழத்தெருவுல இருந்து."

"இதென்ன புது வழக்கம்?" ஜெயபாண்டி கத்தினார்.

"பன்னெண்டு வந்திருக்குன்னுதான சொல்றீக? எந்தத் தெருவுல இருந்து தொடங்குனா என்ன சார்? எல்லாருக்கும் காணுமே."

வரிசையில் முதல் ஆளாக எட்டுக் குடத்தோடு நின்ற அவர் மனைவி அவரையே பார்த்தாள். இன்பராஜ் லாரியில் ஏறப் போனான்.

"ஏலே, வண்டிய எடுக்காத," என்றார் ஜெயபாண்டி. "ஒங்க மொதலாளிக்குப் போனைப் போடு."