ராஜாவின் பிடரியில் ஒரு குழி

2004 ஜூன் 6, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு இருபது. வானம் மூடிக்கிடந்தது, மழை இல்லை, காற்றும் இல்லை. மெட்டுகுடா வீட்டில், சாப்பாட்டு மேஜைமேல் என் மகள் தன் நகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மாப்பிள்ளையை அவருடைய கம்பெனி இரண்டு வருடம் அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. அவர்கள் திரும்பும்வரை எல்லாம் என் பாங்க் லாக்கரில் இருக்கட்டும் என்பது ஏற்பாடு. பதினேழு உருப்படிகள். பதினேழாவது அந்தக் காசு.

ராஜா தலை போட்ட, 1919ஆம் வருடத்து வெள்ளி ரூபாய். என் மனைவிக்கு அவள் அம்மா கொடுத்தது ஆறு. ஐந்து, பிள்ளைகளின் பீஸுக்குப் போயிற்று. ஆறாவதை அவள் விற்கவிடவில்லை. மாப்பிள்ளைக்குத் தலை தீபாவளிக்கு என்று எடுத்து வைத்தாள். அந்தத் தீபாவளிக்கு ஏழு மாதம் முன்னால் போய்விட்டாள். 2002இல் நான்தான் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அன்று அதில் ஒரு கீறல் கிடையாது. இப்போது ராஜாவின் பிடரிக்குப் பின்னால் ஒரு குழி, கடுகளவுக்கு.

"குழந்தை கடிச்சிருப்பான்பா" என்றாள் மகள், என் முகத்தைப் பார்க்காமல்.

பேரனுக்கு அப்போது ஆறு பல். வெள்ளி ரூபாயில் குழி போடுகிற பல் அல்ல.

லாலாகுடா ரயில்வே பட்டறையின் உலோகச் சோதனைக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தவன் நான். ரிட்டயரானபோது கூட வேலை செய்தவர்கள் கொடுத்த லென்ஸ் டிராயரில் இருந்தது. உள்ளே மில்லிமீட்டர் கோடு போட்டது. வைத்துப் பார்த்தேன். சுத்தமான வட்டம். எந்தப் பக்கம் அளந்தாலும் ஒன்று புள்ளி ஒன்று மில்லிமீட்டர். ஆணி என்றால் அடி கூராக இருக்கும். இது கிண்ணம் மாதிரி வழவழவென்று இருந்தது. கீழே விழுந்திருந்தால் விளிம்பில் பட்டிருக்கும். சுத்தியலென்றால் மறுபக்கம் கொஞ்சமாவது வீங்கும்; வீங்கவில்லை. அந்தக் காசில் எழுத்தும் உருவமும் இல்லாத சமதளம் ராஜாவின் பிடரிக்குப் பின்னால்தான் கொஞ்சம் உண்டு. தேடிப் பிடித்து அங்கே வைத்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட குழிகளை நானே ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறேன். கடினச் சோதனை மெஷினில் ஒரு எஃகுக் குண்டு இருக்கும். குறிப்பிட்ட எடையை ஏற்றி அதைச் சாமான்மேல் அழுத்துவார்கள். உலோகம் மென்மையாக இருந்தால் குழி பெரிது, கடினமாக இருந்தால் சிறிது. வெள்ளியா, வெள்ளி மாதிரி வேறொன்றா என்று ஓரளவு தெரிந்துவிடும். யார் வீட்டிலும் இருக்கிற மெஷின் அல்ல அது. என் சம்பந்தி பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவுக்குத் தலைவர்.

"உன் மாமனாரா?"

அவள் ஒரு வளையலை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள். "தீபாவளிக்கு மறுநாள் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போனார்ப்பா. அவர் பாலையே மீட்டர் போட்டுப் பாத்துத்தான் வாங்குவார்."

"வந்து என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. பீரோல வச்சிட்டார். நக்கோ அப்பா, வேண்டாம், விட்டுடுங்க. நாங்க கிளம்பற நேரம்."

ஒரு தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும் இருந்தால் போதும். காசில் கீறல் விழாமல் வெள்ளியை உறுதி செய்துகொள்ளலாம். காலேஜில் படித்த எவனுக்கும் தெரியும். அவர் குண்டை எடுத்தார். என் மனைவி கள்ளக்காசை வைத்துவிட்டுச் செத்தாளா என்று பார்க்க. இதற்கு அவர் நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். பேரனின் முதல் பிறந்தநாளுக்கு இருபத்தெட்டு நாள் இருந்தது. விழா அவர் வீட்டில்தான்.

மனைவியின் காசை இரண்டாம் முறை குத்தவிட எனக்கு மனமில்லை. ஜெனரல் பஜாரில் அதே 1919 ரூபாய் ஒன்று வாங்கினேன். பாலாநகரிலேயே ஒரு தனியார் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய் மூன்று குழி வைக்கச் சொன்னேன். ஒரே குழியை வைத்து முடிவு சொல்வது தப்பு, மூன்றின் சராசரி எடுக்க வேண்டும். அவர் அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை. இடம் போதாமல் மூன்றாவது குழி ராஜாவின் கன்னத்தில் விழுந்தது. சர்டிபிகேட்டுக்கு பிரேம் போட்டேன்.

கேக் வெட்டி முடித்ததும் எழுந்து போய் இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன்.

"சம்பந்தி, உங்களுக்கும் ஒரு வெள்ளி ரூபாய். டெஸ்ட் பண்ணியே கொண்டுவந்துட்டேன். நாளைக்கு நீங்க ஆபீஸுக்குத் தூக்கிட்டு அலைய வேண்டாம் பாருங்க."

கூடத்தில் நாற்பத்திரண்டு பேர். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் முகம் கறுக்கும் என்று காத்திருந்தேன். கறுக்கவில்லை.

"அட, குழியைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டீங்களா! பட்டறைக்காரர்னா சும்மாவா" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இவங்க வீட்டுக் காசு அன்னிக்கே பாஸ். கடினம் அறுபத்திரண்டு வந்துச்சு. அசல் வெள்ளி!"

பாஸ். என் மனைவியின் காசுக்கு இந்த ஆள் பாஸ் போடுகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரேமை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.

"ஆனா சம்பந்தி, எத்தனை கிலோ லோடுல அழுத்தினாங்கன்னு போடலையே. லோடு போடாத ரீடிங் செல்லாதே."

முதலில் அவருடைய தம்பி சிரித்தார். அப்புறம் எல்லோரும். பிடுங்கிப் பார்த்தேன். போடவில்லைதான். முப்பத்தோரு வருடத்தில் லோடு எழுதாத காகிதத்தை நான் ஒருவரிடமிருந்தும் வாங்கியதில்லை.

திங்கட்கிழமை காலையே சோதனைக்கூடத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். லோடு குறித்து வைக்கவில்லையாம். காசைக் கொண்டுவந்தால் மறுபடி சோதிக்கலாமாம், கட்டணம் தனி. காசு சம்பந்தி வீட்டில். போய்க் கேட்பேனா? இன்னொரு 1919 வாங்கினேன். இன்னும் மூன்று குழி. லோடு அறுபத்திரண்டரை கிலோ, குண்டு இரண்டரை மில்லிமீட்டர், இரண்டும் கொட்டை எழுத்தில். ரிஜிஸ்டர் தபாலில், ஒப்புதல் அட்டை இணைத்து அனுப்பினேன். ஆறாம் நாள் அட்டை திரும்பி வந்தது. அவர் கையெழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில், "இதுவும் பாஸ்."

மனைவியின் காசு என் லாக்கரில் இருக்கிறது. மகள் திரும்பி வந்து கேட்டால் அவள் கையில் கொடுப்பேன். அந்த வீட்டு பீரோவுக்கு அது போகாது.

இரண்டு காசு நானூற்று இருபது, சோதனை இரண்டு தடவை அறுநூறு, பிரேம் நூற்றுப்பத்து, பஸ்ஸும் ஆட்டோவும் நூற்று இருபத்தாறு, தபால் முப்பது. ஆக மொத்தம் ஆயிரத்து இருநூற்று எண்பத்தாறு ரூபாய்.