நகலில் சேர்ந்த பேச்சு

ஜெராக்ஸ் கடையில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறவள் அவள். படிவத்தோடு வருகிறவர்களிடம் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது, "நகல்ல எழுதாதீங்க, ஒரிஜினல்ல எழுதுங்க" என்று தொண்டை வற்றக் கத்துகிறவள். அவளே போய் அந்தத் தப்பைச் செய்தாள் என்றால் இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

அவளுடைய தங்கைக்குத் தொண்டையில் புற்று வந்து, அறுவை சிகிச்சை நடந்து பேச்சு போய்விட்டது. விரல் நடுக்கத்தில் பேனாவும் நிற்கவில்லை. ஓயாமல் வம்பளந்த பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை அக்காவால் தாங்க முடியவில்லை. செயலி எழுதக் கற்றுத்தரும் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்து, முட்டி மோதி, போனுக்கு ஒரு செயலி எழுதினாள். பெரிய எழுத்துகளைத் தட்டினால் போன் பேசும். தட்டியதெல்லாம் 'பேசியவை' என்ற பக்கத்தில் சேர்ந்துகொள்ளும்.

சேரும் என்றுதான் நினைத்தாள். தங்கை முதலில் தட்டியது, "உன் சமையல் சகிக்கல." வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பில் பக்கத்தை மூடித் திறந்து சோதித்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

செயலி வந்த ஒன்பதாம் நாள் காலை அக்கா கடைக்குக் கிளம்பும்போது, தங்கை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நேரமாச்சுடி. எதுவா இருந்தாலும் தட்டி வை, சாயங்காலம் வந்து படிச்சுக்கறேன்."

மத்தியானமே தங்கையின் உயிர் போய்விட்டது.

"சத்தத்தை அணைச்சுட்டு ரொம்ப நேரம் தட்டிக்கிட்டே இருந்தாம்மா" என்றாள் அம்மா. "என்னடின்னு கேட்டா, உனக்குன்னு சைகை காட்டினா."

பக்கத்தைத் திறந்தாள். வெறுமையாக இருந்தது.

சனிக்கிழமை, வகுப்பெடுக்கும் பெண் இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். செயலிக்குள் ஸ்ட்ரக்ட் என்பது விவரங்களை வைக்கும் படிவம். தொடக்கத்தில் அதன் எல்லாக் கட்டத்துக்கும் மதிப்பு கொடு என்று பிழை காட்டும் சிவப்புக் கோடு வந்தபோது, அக்கா வெற்று எழுத்தைப் போட்டு அதன் வாயை அடைத்திருந்தாள். தப்பு அதோடு நிற்கவில்லை.

"இதை வேற பேர்ல எடுத்தா நகல்தான் வரும்க்கா. நீங்க அந்த நகல்லதான் சேர்த்திருக்கீங்க. ஒரிஜினல்ல திருப்பி வைக்கவே இல்ல."

"அன்னைக்குத் தட்டினது?"

"பக்கத்தை மூடினதுமே போயிருக்கும்." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "புதுசா படிக்கிறவங்க எல்லாரும் செய்யறதுதான்க்கா."

எல்லாரும் செய்வதுதான். எல்லாருக்கும் இப்படியா விலை கேட்கிறது?

ஒரே ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடுமாம். அந்தப் பெண் விசைப்பலகையை அக்கா பக்கம் நகர்த்தினாள். அக்காவே அந்த வரியை எழுதினாள். சிவப்புக் கோடு எதுவும் வரவில்லை.

"ஏதாவது தட்டிப் பாருங்க."

அக்கா ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். "என்னடி சொன்னே?" என்று போன் கேட்டது. செயலியை மூடினாள், மறுபடி திறந்தாள்.

'பேசியவை' பக்கத்தில் அந்தக் கேள்வி பத்திரமாக இருந்தது.