இடது கைக்குப் பதினான்கு நாள் காவல்

என் அக்கா புருஷன் பூட்டு ரிப்பேர்க்காரர். முப்பத்திரண்டு வருஷமாக ஒரே கடை, ஒரே ஸ்டூல். யார் வீட்டுக் கதவை எதற்காகத் திறந்துவிட்டார் என்று அக்காவிடம்கூட மூச்சு விட்டதில்லை. அந்த வாய்க்கட்டின் மேல் அவருக்கு இருந்த கர்வத்தைப் பார்த்தால் கஜானாவையே அவர்தான் காக்கிறார் என்று தோன்றும். எனக்கு அவரைப் பிடிக்கும். அவருடைய கடையை இன்னும் அதிகமாகப் பிடிக்கும். பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரில் இருக்கிறது. செல்போன் உறை விற்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

போன வருஷம் ஒரு காலையில் மாமா பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவியது. பக்கவாதம். பேச்சும் காலும் இரண்டு மாதத்தில் ஒருவழியாகத் திரும்பின. வலது கைதான் முரண்டு பிடித்தது. விரல்களைக் கஷ்டப்பட்டு மடக்குவார், விரிக்க அதைவிடக் கஷ்டப்படுவார். எட்டு மாதம் எல்லாம் இடது கையாலேயே ஓடியது. கடை பூட்டியே கிடந்தது.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்தார்கள். நல்ல கை எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதால், மூளை மற்றக் கையை மறந்தே போகிறதாம். அதனால் நல்ல கையைக் கட்டிப்போட வேண்டுமாம். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு இந்தச் சிகிச்சை, மீதிப் பேருக்கு வழக்கமான பயிற்சி. மாமாவுக்குக் கட்டிப்போடும் சீட்டு விழுந்தது. விரல் பிரியாத ஒரு தடிக் கையுறையை இடது கையில் மாட்டி, பிசியோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். பதினான்கு நாள், விழித்திருக்கும் நேரமெல்லாம் மாட்டியிருக்க வேண்டும். தண்ணீர் படும் வேலை, படிக்கட்டு, தூக்கம், இந்த மூன்றுக்கு மட்டும் கழற்றலாம். அக்காவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து அவள் ஜெயில் வார்டன் ஆகிவிட்டாள்.

முதல் நாள், கையுறை மாட்டும் முன், ஒரு சோதனை வைத்தார்கள். டப்பாவைத் தூக்குவது, பென்சிலை எடுப்பது, துண்டை மடிப்பது, கடைசியில் ஒரு பூட்டில் சாவியைத் திருப்புவது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிஷம். மாமா சாவியைப் பிடித்தார், பிடித்தபடியே இருந்தார். இரண்டு நிமிஷம் முடிந்தது. வெளியே வந்து, "இந்தப் பூட்டை நான் கடைக்குள்ளயே விடமாட்டேன் மாப்ளே, தகரம்" என்றார். வீடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பதினாலு நாள்ல இந்தக் கை திரும்பலேன்னா கடையை நீயே எடுத்துக்கோ. நான் வாக்கு மாறமாட்டேன்."

நான் அன்று சாயங்காலமே உறைகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கல். சோதனை எடுப்பவருக்கு, யாருக்கு எந்தச் சிகிச்சை என்று தெரியவே கூடாது. தெரிந்தால் மார்க் போடும்போது மனசு ஒரு பக்கம் சாயுமாம். எங்கள் சோதனைக்காரம்மாவோ, முந்தின வாரம்தான் மாமா வீட்டு மாடிக்குக் குடிவந்தவர். வேறு ஆளைப் போடக்கூடாதா என்று கேட்டேன். வேறு ஆள் பிரசவ லீவில் இருந்தார்.

"நீங்க சொல்லக்கூடாது, நான் பாக்கக்கூடாது. அவ்வளவுதான்" என்றார் மாடிக்காரம்மா. யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ரகசியம் என்றால் மாமா உயிரைக் கொடுப்பார்.

அப்புறம் அந்த வீடு வீடாகவே இல்லை. அந்தம்மா படியில் கால் வைக்கும் முன் மூன்று முறை இருமுவார். உடனே மாமா கிடைத்த இடத்தில் இடது கையை ஒளிப்பார். தலையணை உறை, அரிசி டிரம், ஒருநாள் என் சட்டைக்குள். அந்தம்மா வெயிலே இல்லாத வாசலில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போவார். இரண்டு தரம் கேட்டில் முட்டிக்கொண்டார். இதற்கு நடுவே மாமா வலது கையால் சாப்பிட்டார். சாப்பாடு காது, கழுத்து, சட்டைப் பை என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டு, மிச்சம் இருந்தால் வாய்க்கு வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பயிற்சிகளையும் விடவில்லை, ஒரு துணிக் கிளிப்பை நூறு தரம் எடுத்து நூறு தரம் வைத்தார். பூட்டு மட்டும் திரும்பவில்லை. தினமும் காலையில் ஒரு பழைய பூட்டை மடியில் வைத்து முயல்வார். நான் பேப்பர் படிப்பதுபோல் பார்ப்பேன். உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது, அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை மாடியிலிருந்து தடதடவென்று சத்தம். பாத்ரூம் பூட்டு உள்ளே சிக்கிக்கொண்டு, மாடிக்காரம்மா மாட்டிக்கொண்டுவிட்டார். ஒன்பது மணிக்கு அவருக்கு ஆஸ்பத்திரியில் நான்கு நோயாளிகள். மாமா டூல்ஸ் பையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினார். படிக்கட்டு என்பதால் கையுறையைக் கழற்றிக் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். மேலே போனதும் பின்னாலேயே வந்த அக்காவிடம் இடது கையை நீட்டினார். அவள் மறுபடி மாட்டி, பட்டையை இறுக்கினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, இடது கைன்னா ஒரு நிமிஷ வேலை. கழட்டித் தொலைங்க."

அக்கா என் வாயைப் பொத்தினாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு திறக்கிறது?"

"கீழ்வீடும்மா" என்றாள் அக்கா.

"எந்தக் கையாலன்னு சொல்லிடாதீங்க. நான் குழாயைத் திறந்து விட்டுக்கறேன், எதுவும் காதுல விழாது."

தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

கைப்பிடித் தகட்டில் இரண்டு திருகாணி. அதை எடுத்தால் உள்ளே கம்பியை விட்டுத் தாழை நகர்த்திவிடலாம். மாமா தரையில் உட்கார்ந்து, வலது முழங்கையை முழங்காலில் ஊன்றி, ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தார். விழுந்தது. எடுத்தார். விழுந்தது. எரிச்சலில் நான் எண்ணினேன், பதினேழு தரம். பதினெட்டாவது தரம் நுனி திருகாணியின் பள்ளத்தில் உட்கார்ந்தது. மணிக்கட்டு திரும்பாமல் தோளோடு சேர்ந்து உடம்பே சாய்ந்தது. சாய்ந்தவர் நிமிர்ந்து, மறுபடி வைத்து, மறுபடி சாய்ந்தார். முகமெல்லாம் வியர்வை. குழாய்த் தண்ணீர் கதவிடுக்கு வழியாக வந்து அவர் வேட்டியை நனைத்தது. எங்கேயோ நடுவில் உடம்பு சாய்வது நின்றுபோய் மணிக்கட்டு மட்டும் திரும்பியது. கால் சுற்று இருக்கும். அவர் அதை ஒரு கணம் வெறித்துப் பார்த்துவிட்டு இன்னொரு கால் சுற்றுச் சுற்றினார்.

"மாப்ளே, உன் செல்போன் விளக்கை இப்படிக் காட்டு" என்றார். காட்டினேன்.

நாற்பது நிமிஷம் ஆனது. முதல் திருகாணி விழுந்து சுவரோரம் ஓடியது, அப்புறம் இரண்டாவது. கம்பியை விட்டு நெம்பினார். டக்கென்று கதவு திறந்தது. மாடிக்காரம்மா இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "வெளிய வரலாமா?" என்றார். அக்கா அவசரமாக மாமாவின் கையுறை மேல் ஒரு துண்டைப் போட்டு, "வாங்க" என்றாள். அந்தம்மா யாரையும் பாராமல் சுவரைத் தடவிக்கொண்டே தன் அறைக்குப் போய், அங்கிருந்தே, "நான் ஒண்ணுமே பாக்கல. நாளன்னிக்கு டெஸ்டுக்கு வந்துடுங்க" என்றார்.

மாமா தரையிலேயே உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. கடை போச்சே என்ற அழுகையும் அதில் கொஞ்சம் இருந்தது, மறைக்க மாட்டேன்.

ஸ்க்ரூ டிரைவர் இன்னும் அவர் வலது கையிலேயே இருந்தது. விடப் பார்த்தார், விரல் விரியவில்லை. அக்கா ஈரத் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, கட்டை விரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரலுக்கு வந்தபோது அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"விடு. இதை நானே பாத்துக்கறேன்" என்றார்.

நாங்கள் காத்திருந்தோம்.